ஹக்கல மலைக்கு எதற்கு அத்தாட்சி?

நேற்று ஒரு வீடியோ பார்த்தேன். இலங்கையில் நுவரெலியாவுக்கும் ஹக்கல மலைக்கும் பக்கத்தில் இருக்கிற சீதாஎலியவில் ஒருவர் கறுப்பு மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு, "அனுமார் வைத்த நெருப்பில் வெந்த மண் இது, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களே நாலைந்து பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் கதை மேல் இல்லை, அந்த "விஞ்ஞானமே" மேல்.

குளிரும் ஈரமுமான மலையில் இலைதழை மட்க நாளாகும். மட்கியது மேல்மண்ணிலேயே தங்கி அதைக் கறுப்பாக்கும். சரி, அதனால் கதை பொய்யாகிவிடுமா? அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொன்னது யார்?

அப்பாயி சொன்னது இப்படி: அனுமார் சஞ்சீவி மலையை வாயில் கவ்விக்கொண்டு பறந்தாராம். நுவரெலியா குளிரில் பல் தந்தியடித்ததில் ஒரு துண்டு நழுவி விழுந்துவிட்டதாம். சிங்களத்தில் 'ஹக்க' என்றால் தாடை, 'கல' என்றால் பாறை. பல் தந்தியடித்தது மட்டும் அப்பாயியின் சொந்தச் சரக்கு என்று நினைக்கிறேன்.

அந்த மலையடியில்தான் 1861-இல் வெள்ளைக்காரர்கள் சின்கோனா நட்டுப் பார்த்தார்கள். மலேரியாவுக்கான குயினின் அதன் பட்டையில் இருக்கிறது. இன்றைய ஹக்கல பூங்கா அப்படித் தொடங்கியதுதான். 1869-க்குப் பிறகு இலைநோயில் கோப்பி அழிய, தோட்டங்களும் சின்கோனாவுக்குத் தாவின. அதன் விலையும் விழ, தேயிலை வந்தது. மருந்து மலை விழுந்த இடத்திலேயே மருந்து மரம்! இதை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. ரோஜாவைக் காட்டிவிட்டு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். (மேலே காட்டில் கரடி மாதிரி ரோமம் அடர்ந்த குரங்குகள் உண்டு. அனுமாரின் பங்காளிகள்.)

2024 மே மாதம் சீதாஎலிய சீதையம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு தண்ணீர் வந்தது. அந்தக் கோயில் ஓடைக்கரைப் பாறையில் இருக்கும் குழிகளை அனுமார் பாதம் என்று கும்பிடுகிறோம், நானும்தான். அளந்து பார்க்க யாரும் டேப் கொண்டுபோவதில்லை.

எங்கள் பேச்சில் மலை என்றால் கொழுந்து மலை, அதாவது வேலை. ஹக்கல ஒன்றுதான் சும்மா பார்ப்பதற்கான மலை. அதுவும் முழுக்கச் சும்மா இல்லை. காலையில் உச்சியில் மூட்டம் இறங்கியிருந்தால், வேலைக்குக் கிளம்பும் அம்மாவிடம், மழைக்குப் போர்த்தும் கொங்காணியை நினைவூட்டி அப்பாயி சொல்லும்: "சீதையம்மா தலை துவட்டுறா. கொங்காணிய மறந்துறாத புள்ள." பெரும்பாலும் பத்து மணிக்குள் மழை பிடித்துவிடும்.