எம்.எஸ். நோயும் வைட்டமின் டி பக்தர்களும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற எம்.எஸ். நோய்க்கு வைட்டமின் டி-தான் மருந்து, மருத்துவர்கள் மறைக்கிறார்கள் என்றொரு செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பாதி உண்மை கலந்திருப்பதுதான் தொல்லை.

உண்மைப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே தாக்கி அழிக்கும் நோய் இது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அதிகமாகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே, குளிர்காலத்து வெயில் பெயருக்குத்தான் அடிக்கும் ஆர்க்னி தீவுகளில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினரிடம் முன்பே எடுத்துவைத்திருந்த ரத்தத்தை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. வெள்ளையர்களில் வைட்டமின் டி மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் எம்.எஸ். குறைவாகவே வந்திருந்தது.

இதை வைத்து மட்டும் எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது. வெளியே தெரியுமுன் உள்ளே தொடங்கிவிட்ட நோயே ஒருவரை வெயில் படாமல் வீட்டில் உட்கார வைத்திருக்கலாம். இந்த முடிச்சை அவிழ்த்தது மரபணு. யாருக்கு எந்த மரபணு என்பது கருவாகும்போதே திருவுளச்சீட்டுப் போல விழுந்துவிடுகிறது. பின்னால் வரும் நோய் அதை மாற்ற முடியாது. டிஎச்சிஆர்7 என்ற மரபணு, தோலில் வைட்டமின் டி ஆக வேண்டிய மூலப்பொருளைக் கொலஸ்டிரால் பக்கம் திருப்பிவிடுகிறது. இன்னொன்று கல்லீரலில் வைட்டமின் டி-யை மாற்றியமைக்கிறது, வேறொன்று அதை ரத்தத்தில் சுமந்து செல்கிறது, நான்காவது அதைச் சிதைக்கிறது. இந்த நான்கிலும் உள்ள சிறு வேறுபாடுகளைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 14,498 நோயாளிகளின் தரவோடு பொருத்திப் பார்த்து 2015-இல் வெளியிட்டது. பிறவியிலேயே வைட்டமின் டி அளவு குறையும்படி அமைந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு கூடுகிறது. எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் மிக அழகான ஆய்வு இதுதான்.

ஆக, குறைபாட்டுக்குப் பங்கு இருக்கிறது. பங்குதான், முழுப் பொறுப்பு இல்லை. நோய் எதிர்ப்பை நிர்வகிக்கும் எச்எல்ஏ என்ற மரபணுப் பகுதியில் இருக்கும் ஒரே ஒரு மரபணு வகை வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. எப்ஸ்டீன்-பார் என்ற மிகப் பரவலான வைரஸ் தொற்றினால் 32 மடங்கு என்று 2022-இல் காட்டினார்கள். வெயில் கொளுத்தும் இந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு ஊரெங்கும் இருக்கிறது, எம்.எஸ். மட்டும் வட ஐரோப்பாவை விட மிகக் குறைவு. எல்லாம் வைட்டமின் டி என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

வருவதில் பங்கு உண்டென்றால், வந்த பிறகு கொடுத்தால் குணமாகுமா? அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியா-நியூசிலாந்திலும் நடந்து 2023-இல் முடிவு வெளியான இரண்டு பரிசோதனைகளில் அதிக அளவு மாத்திரையால் பயன் தெரியவில்லை. 2025-இல் பிரான்ஸிலிருந்து வந்த முடிவு சற்று நம்பிக்கை தருகிறது: நோயின் தொடக்கத்திலேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்ததில் நோயின் செயல்பாடு (புதிய தாக்குதலோ ஸ்கேனில் புதிய பாதிப்போ) போலி மருந்து பெற்றவர்களில் 74 சதவீதத்தினரிடமும் இவர்களில் 60 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. வித்தியாசம் பெரும்பாலும் எம்ஆர்ஐ ஸ்கேனில்தான். வரவேற்க வேண்டிய செய்திதான், ஆனால் போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்த இது அனுமதிச் சீட்டு அல்ல.

நம் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாக்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகலாம். வீட்டில் யாருக்காவது எம்.எஸ். இருந்தால், பிள்ளைகளுக்குக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். புகைப்பவர்கள் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள், எம்.எஸ். விஷயத்தில் புகைக்கு எதிரான சான்றும் வலுவானதுதான், அதை மட்டும் யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.