டிஸ்க் நழுவிய நாயை நடக்க வைத்தால் குணமாகுமா?

"முதுகில் டிஸ்க் நழுவிய நாயைப் படுக்க விடாதீர்கள். தினமும் நடக்க வைக்காவிட்டால் கால் மடங்கிப்போகும், வலிக்கு நாம் போடும் மாத்திரையில் பாதி போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கின் வெளி வளையம் கிழிந்து, உள்ளிருப்பது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. கிழிசல் ஆறப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் சோபாவிலிருந்து ஒருமுறை குதித்தால்கூட மிச்சமும் பிதுங்கலாம். அதனால்தான் அறுவை சிகிச்சை செய்யாத நாய்க்குக் குறைந்தது 4 வாரக் கூண்டு ஓய்வு. எழுந்து திரும்பிப் படுக்க இடமிருந்தால் போதும். வெளியே வருவது சிறுநீர், மலம் கழிக்க மட்டும். வாரைக் கழுத்தில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். பின்கால் தள்ளாடினால் அடிவயிற்றில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள்.

வலி அடங்கியதும்தான் உண்மையான சோதனை. வாலை ஆட்டிக்கொண்டு கூண்டைப் பிறாண்டும். அந்த முகத்தைப் பார்த்து மனமிரங்கித்தான் பலர் திறந்துவிடுகிறார்கள். வலி போனது மருந்தால். வளையம் இன்னும் ஆறவில்லை. கால்நடை மருத்துவர் கற்றுத்தரும் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) வேறு, நடைப்பயிற்சி வேறு.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். நாம் வலிக்குப் போடும் இபுபுரூஃபன் மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பின்கால்கள் இழுபட்டாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.