கொடி போர்த்திய பெட்டிகளை யார் பார்க்கலாம்?

போரில் இறந்த வீரர்களின் உடல்கள் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்படுவதை ஊடகங்கள் காட்டலாமா என்று கேட்டால், காட்டத்தான் வேண்டும் என்பதே என் பதில். இறந்தவரின் குடும்பம் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடத்தில் கேமரா விலகிக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எவருக்கும், குறிப்பாக அந்தப் போரை நடத்துகிற அரசுக்கு, தடை சொல்லும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் பலமுறை பார்த்து மனம் நொந்தவன் என்பதால், நான் எளிதில் வந்து சேர்ந்த முடிவு அல்ல இது.

அமெரிக்காவின் அனுபவமே இந்த விவாதத்துக்கு மிகுந்த வெளிச்சம் தருகிறது. வெளிநாடுகளில் நடக்கும் போர்களில் இறக்கும் அந்நாட்டு வீரர்களின் உடல்கள் டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேர்கின்றன. விமானத்திலிருந்து இறக்கப்படுவதைச் சவப்பெட்டி என்றுகூட ராணுவம் சொல்வதில்லை. பனிக்கட்டி நிரப்பி உடலைக் கிடத்திய அலுமினியப் பெட்டி அது. அதன்மேல் கொடி சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போர்த்தப்பட்டிருக்கும். வெள்ளைக் கையுறை அணிந்த வீரர்கள் இருபுறமும் நின்று, சீரான அடிவைப்பில் அதைச் சுமந்துசென்று, காத்திருக்கும் வண்டியில் ஏற்றுவார்கள். வணக்கம் செலுத்தும் கைகள் மிக மெதுவாக உயர்ந்து, அதே மெதுவில் தாழும். வாத்தியம் கிடையாது, உரை கிடையாது. சிறிது நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பணியைத்தான், இடையில் சில விதிவிலக்குகள் நீங்கலாக, 18 ஆண்டுகள் அமெரிக்க மக்கள் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள்.

அந்தத் தடை எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1989 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் நுழைந்த சமயம், அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் செய்தியாளர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, சில தொலைக்காட்சிகள் திரையை இரண்டாகப் பிரித்து, மறுபாதியில் டோவரில் பெட்டிகள் இறக்கப்படுவதை நேரலையாகக் காட்டின. அது அவருக்குப் பெரும் சங்கடமாகிப் போனது. 1991-இல் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோது டோவரில் ஊடகங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஈராக் போர் தொடங்கவிருந்த 2003 மார்ச்சில் பாதுகாப்புத் துறை அதே தடையை மறுபடியும் வலியுறுத்தியது.

குடும்பங்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்றார்கள். நான் இந்தக் காரணத்தை அலட்சியம் செய்யவில்லை. மகனையோ மகளையோ பறிகொடுத்த வீட்டின் துயரம் ஊர் வேடிக்கை பார்ப்பதற்கானது அல்ல. ஆனால், வரிசையாக அடுக்கப்பட்ட பெட்டிகளின் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெயர் இல்லை, முகம் இல்லை, எந்த ஊர்க்காரர் என்ற அடையாளம் இல்லை. எல்லாப் பெட்டிகளின் மேலும் ஒரே கொடி. அந்தப் படத்தால் எந்தக் குடும்பத்தின் அந்தரங்கம் குலைந்துவிடும்? அதைவிட என்னை உறுத்துவது, அந்த 18 ஆண்டுகளில் எந்தக் குடும்பத்திடமும் அவர்களுடைய விருப்பம் என்னவென்று அந்தத் தடை கேட்கவே இல்லை என்பதுதான். அவர்களின் பெயரைச் சொல்லி அரசே முடிவெடுத்துக்கொண்டது.

டெலவேர் பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியர் ரால்ஃப் பெக்லைட்டர் 2004-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்த பிறகு, அரசே எடுத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான படங்கள் 2005-இல் வெளிவந்தன. அவற்றுள் சிலவற்றில் பெட்டியைச் சுமக்கும் வீரர்களின் முகங்கள் கறுப்புக் கட்டங்களால் மறைக்கப்பட்டிருந்தன. இறந்த தோழரை மரியாதையுடன் தூக்கிவரும் ஒருவரின் முகத்தை, ஏதோ குற்றவாளியின் முகத்தைப்போல மறைத்திருந்த அந்தப் படங்கள் எனக்குள் ஏற்படுத்திய வேதனை இன்றும் ஆறவில்லை.

கனடாவும் 2006-இல் இதே தவற்றைச் செய்தது. ஆப்கானிஸ்தானில் இறந்த வீரர்களின் உடல்கள் வந்து இறங்கும் ட்ரென்டன் விமானத் தளத்துக்குள் ஊடகங்கள் வரக் கூடாது என்று ஸ்டீஃபன் ஹார்ப்பர் அரசு உத்தரவிட்டது. அடுத்த மாதமே, போரில் இறந்த பெண் கேப்டன் ஒருவரின் தந்தை, மகளின் இறுதிச் சடங்கில் நின்றுகொண்டு அந்த முடிவைக் குறைகூறிப் பேசினார். யாருடைய மனம் புண்படும் என்று சொல்லித் தடை போட்டார்களோ, அவரே அந்தத் தடை வேண்டாம் என்றார். குடும்பங்களே முடிவு செய்யட்டும் என்று அரசு பிறகு இறங்கிவந்தது. ட்ரென்டனிலிருந்து டொராண்டோ வரை உடல்கள் செல்லும் 401-ஆம் நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் மக்கள் தாமாகவே திரண்டு நின்றார்கள். அந்தப் பகுதிக்கு 2007-இல் வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் சூட்டப்பட்டது.

பிரிட்டனின் வூட்டன் பாசெட் என்ற சிறுநகரத்திலும், 2007 முதல் 2011 வரை, அழைப்போ ஏற்பாடோ இல்லாமல் மக்கள் தெருவோரம் கூடி நின்று, 345 வீரர்களின் உடல்கள் கடந்து சென்றபோது தலை வணங்கினார்கள். தொலைக்காட்சிகள் அதைக் காட்டியதால் நாடே அவர்களோடு சேர்ந்து துக்கம் அனுசரித்தது. ஆனால் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவு 2012-இல் தயாரித்த ஓர் அறிக்கை, உயிரிழப்புகளைக் கண்டு மக்கள் போரை எதிர்ப்பதைக் குறைக்க, உடல்கள் திரும்பிவரும் நிகழ்வுகளின் முக்கியத்துவத்தைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னது. குடும்பங்களின் அந்தரங்கம் என்ற சொற்களுக்குப் பின்னால் என்ன அச்சம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இந்தப் படங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவார்கள் என்ற எதிர்வாதம் உண்மைதான். போரை எதிர்ப்பவர்களும் பயன்படுத்துவார்கள், ஆதரிப்பவர்களும் பயன்படுத்துவார்கள். ஆனால் ஒரு நாடு தன் மக்களைச் சாகக்கூடிய இடத்துக்கு அனுப்புவதே அரசியல் முடிவு. வீரர்கள் புறப்படும்போது கையசைப்பையும் கண்ணீரையும் காட்டக் கேமராக்களை அழைத்துவிட்டு, திரும்பி வரும்போது மட்டும் கதவைச் சாத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

2009 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் டோவரில் இருந்த தடையை நீக்கி, ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே முடிவு செய்யலாம் என்று அறிவித்தார். நான் ஏற்பதும் அந்த ஏற்பாட்டைத்தான். அதே ஆண்டு அக்டோபர் 29 விடியலுக்கு முன், 18 பேரின் உடல்களை ஏற்றிவந்த விமானத்துக்காக அதிபர் ஒபாமா டோவரில் காத்து நின்றார். படம் எடுக்க ஒரே ஒரு குடும்பம்தான் சம்மதித்தது. உலகம் பார்த்ததும் அந்த ஒரு பெட்டியைத்தான். மற்ற 17 குடும்பங்களின் விருப்பம் மீறப்படவில்லை, நாட்டு மக்களின் கண்களும் கட்டப்படவில்லை. இதிலும் சிக்கல் உண்டு. இடி விழுந்தாற்போல் செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் அந்தச் சம்மதத்தைக் கேட்கிறார்கள்; மனைவி சரி என்று சொல்லித் தாய் வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வேளையில் அதிகாரி பொறுமையாகக் கேட்கவும், முதலில் சரி என்றவர்கள் பிறகு மனம் மாறினால் அதை மதிக்கவும் வேண்டும்.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது ஊடகங்களின் போக்குதான். தடை நீங்கிய பிறகு 2009 ஏப்ரலில் முதல் உடல் வந்தபோது டோவரில் செய்தியாளர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் இல்லை. நாளாக ஆக எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. முதல் வீரருக்கு நேர்ந்த அதே மரணம்தானே அடுத்தடுத்தவர்களுக்கும் நேர்ந்தது? உரிமைக்காக இத்தனை ஆண்டுகள் வாதாடியவர்கள், அது கிடைத்த பின்பு, நள்ளிரவில் வரும் விமானத்துக்கும், அதிபர் வராத நாளுக்கும், வாசகர்கள் அந்தப் போரையே மறந்துவிட்ட மாதத்துக்கும் ஒரு புகைப்படக்காரரையாவது அனுப்ப வேண்டும். அவர் தொலைவில் நிற்கட்டும். அழுகிற தாயின் முகத்தை நெருக்கத்தில் எடுக்க வேண்டாம். பெட்டியும், அதைச் சுமக்கும் கைகளும், குடும்பம் அனுமதித்தால் பெயரும் ஊரும் வயதும் போதும். ஆனால் முதல் வீரருக்கு ஒதுக்கிய அதே பக்கத்தில், அதே அளவில், கடைசியாக வருபவருக்கும் அவை வர வேண்டும்.