கருவியை மட்டும் நம்ப முடியாது
ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியை ரோபோ முறையில் அறுவை செய்து அகற்றினால் சிறுநீர்க் கசிவே இராது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கருவி எதுவானாலும் சுரப்பியை அகற்றிய பின் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிறுநீர்த்தாரையோடு தைத்தாக வேண்டும். கசிவைத் தடுக்கும் பொறுப்பு அதன்பின் பெரும்பாலும் கீழேயுள்ள, சிறுநீர்த்தாரையை இறுக்கி மூடும் சுருக்குத்தசையின் மேல்தான் விழுகிறது. பிரிஸ்பேனில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்விலும், 2 ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் வயிற்றைக் கீறிச் செய்யும் திறந்தமுறைக்கும் ரோபோ முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனக்கு ரோபோ அறுவைக்குப் பின் 10ஆம் நாள், சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய குழாயான கதீட்டரை எடுத்தார்கள். அன்று முதல் இருமினாலும், நாற்காலியிலிருந்து எழுந்தாலும் நனைந்தது. கசிவை உறிஞ்சும் பேடுகள் நாளுக்கு 5 ஆயின. வெள்ளை வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறுப்புக் கால்சட்டைக்கு மாறினேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை விடாமல் செய்தும் 7ஆம் மாதத்தில்தான் பேடுகளின் எண்ணிக்கை நாளுக்கு 1 ஆகக் குறைந்தது. அந்தப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கலாம் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை.