ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கல்லூரியில் என்ன ஏற்பாடு?

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் சேலத்தில் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என்னைத் தேடி வந்து கேட்பது ஒரே கேள்விதான். "பையனுக்கு ஆட்டிசம் இருக்கிறது மேடம், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாமா?" தாராளமாகக் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. அந்தச் சட்டம் வகுத்திருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் இருக்கிறது. ஆனால் இடம் கிடைத்த பிறகு அந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் என்ன ஏற்பாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆசிரியராக உள்ளே இருந்து பார்க்கும் எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. சேர்ந்தவர்களில் சிலர் இரண்டாம் பருவத்துக்குள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழுகிறது. விசாரிக்கக்கூட ஆளில்லை.

என்னிடம் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாப்பேட்டைக்காரன், வீட்டிலேயே விசைத்தறி. தறி ஓடும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்துதான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் போட்டுப் படித்தவன். ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சத்தம் ஆகாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்த ஒருவர், "தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்குக் கல்லூரி மணி மட்டும் எப்படித் தொந்தரவாகும்?" என்று ஆசிரியர் அறையில் சந்தேகத்தைக் கிளப்பினார். தறி ஒரே தாளத்தில் ஓடும். அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அவனைக் கலங்கடித்தவை வேறு. சொல்லாமல் கொள்ளாமல் மாறும் வகுப்பறை, வராத ஆசிரியருக்குப் பதிலாகத் திடீரென்று நுழையும் புதுமுகம், தேர்வன்று காலையில் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டப்படும் அறை மாற்றம். மற்ற மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் சமாளித்துக்கொள்ளும் மாற்றம் அவனுடைய அன்றைய நாள் முழுவதையும் தின்றுவிடும். ஒரு பருவத் தேர்வன்று அறை எண் மாறியிருந்தது. புது அறையின் வாசலில் பறக்கும் படையினர் நின்று ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் படிக்கட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முந்தைய நாள் என் முன்னால் ஒரு பிழையும் இல்லாமல் போட்டுக் காட்டிய பாடம் அது. அந்தத் தாளில் அவனுக்கு விழுந்தது பூஜ்யம்.

அவனை அடுத்த பருவத்தில் காப்பாற்றியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். தேர்வுக்கு முந்தைய மாலையே அவனை அழைத்துச் சென்று அறையைக் காட்டுவார், உட்காரப்போகும் பெஞ்சைக் காட்டுவார். வகுப்பு மாறினால் முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார். அவ்வளவுதான் செய்தார், பையன் தேறிக்கொண்டே வந்தான். அடுத்த கல்வியாண்டில் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வந்தவருக்கு அந்த மாணவனைப் பற்றி எதுவும் தெரியாது, எவரும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. அவன் மறுபடியும் படிக்கட்டுக்கு வந்துவிட்டான். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நல்ல மனிதரின் தயவை நம்பி மூன்றாண்டுப் படிப்பை நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்? அவர் போனாலும் அந்த ஏற்பாடு போகக்கூடாது. அதற்கு அது காகிதத்தில் இருக்க வேண்டும், துறைத்தலைவரின் கையெழுத்தோடு கோப்பில் இருக்க வேண்டும், புதிதாக வருகிறவர் முதல் நாளே படித்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். இந்தப் பதிவில் நான் வேண்டுவது இது ஒன்றைத்தான்.

இப்படி ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அதன் 16-ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது. 17-ஆவது பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று விவரமாகவே பேசுகிறது. 2018-இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். நம் பள்ளிப் பொதுத்தேர்வுகளிலும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பழகிப்போன சலுகைகள். கல்லூரி வாசலை மிதித்ததும் அத்தனையும் மறைந்து, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இணைப்புக் கல்லூரி என்றால் கல்லூரி முதல்வர் சம்மதித்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தேர்வாணையர் அலுவலகத்துக்கும் கடிதம் போக வேண்டும். ஹால்டிக்கெட் வந்த பிறகு விழித்துக்கொண்டால் அந்தப் பருவம் போய்விடும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கேட்டு, "சான்றிதழ் எங்கே?" என்று கல்லூரியில் எழும் கேள்வியைப் பற்றியும் பேச வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் குடியிருப்பிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி என் நினைவில் இருக்கிறாள். பள்ளியில் அவளுக்குக் கிடைத்த பெயர் 'அமைதியான பிள்ளை.' பெண் பிள்ளைகள் பலரிடம் ஆட்டிசம் தாமதமாகத்தான் கண்டறியப்படுகிறது. தோழிகளைப் பார்த்துப் பார்த்து அவர்களைப்போல் சிரிக்கவும் பேசவும் பழகிக்கொள்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. மாலையில் வீடு திரும்பும்போது உடம்பில் ஒரு துளி தெம்பு மிச்சமிருக்காது. அவளுக்கும் அப்படித்தான். மலைக்கிராமத்தில் இதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட எவர் இருக்கிறார்கள்? அந்தச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவைப் பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அப்பா, அம்மா இருவருக்கும் அன்றைய கூலி போய்விடும். மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்தால் பஸ்ஸே கிடையாது. கையில் சான்றிதழ் வரும்வரை அவளுக்கு எந்த உதவியும் கிடையாது என்றால், பட்டம் முடிந்த பிறகுதான் உதவி கிடைக்கும்.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காமலும் அமைதியாக உட்கார முடியாமலும் போகும் நிலை, உள்ள மாணவர்கள் நிலைமை இன்னும் சிக்கலானது. அந்த 21 வகைப் பட்டியலில் அது தனியாக இடம்பெறவே இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு, 40 சதவீத வரம்பைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுத்திருந்தார்கள். ஒதுக்கீட்டுக்கான அந்த வரம்பை நியாயமான வசதியை மறுப்பதற்கான காரணமாகக் காட்டக்கூடாது என்றது நீதிமன்றம். கல்லூரிகளும் அந்தத் தீர்ப்பின் மனப்பான்மையோடு நடந்துகொள்ள வேண்டும். வகுப்பறை மாற்றத்தை முன்கூட்டிச் சொல்வதற்கு எந்தச் சான்றிதழ் தேவை? ஒப்படைப்பு எந்தத் தேதிக்கு, எத்தனை பக்கம் என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுப்பதற்கு எந்த மருத்துவக் குழு கூட வேண்டும்?

"மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தாலும் தெரியாத விடை தெரிந்துவிடாது. தப்பான கணக்கு தப்பாகத்தான் இருக்கும். தெரிந்ததை எழுதி முடிக்க மட்டும்தான் அந்த நேரம். அகமதிப்பீட்டுக்காக வகுப்பின் முன் நின்று கருத்தரங்கு நடத்தச் சொல்கிறோம். அறுபது பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, இரண்டு ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் அறையில் அதே பாடத்தை அழகாக விளக்குகிறது. மதிப்பெண் பாடத்துக்கா, மேடைக்கா? தேர்வுக்குச் சிறு அறை ஒன்று, எதற்கும் அணுகக்கூடிய ஓர் ஆசிரியர், தலை கனக்கும்போது பத்து நிமிடம் உட்கார நூலகத்தின் ஒரு மூலை. இதில் எதற்கும் கட்டடம் கட்ட வேண்டியதில்லை, நிதிக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததல்ல. ஒரு வகுப்பில் அறுபது பேர், அதற்கு மேல் ஆய்வுக்குழு வேலை, சேர்க்கை வேலை. அதனால்தான் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் செய்யட்டும் என்று விடாமல் துறையே ஒரு பக்கக் குறிப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது ஆசிரியருக்கும் வேலையைக் குறைக்கும்.

வளாக நேர்காணல் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதற்காக, நிரல் எழுதுவதில் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தவனைத் தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு: சேர்க்கைக் கட்டணம் கட்டும் அன்றே கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளைக்கு எது கடினம், எது உதவும் என்பதைப் பிள்ளையையே கேட்டு எழுதுங்கள். 18 வயதை எட்டும் பிள்ளை, அதன் விருப்பமில்லாமல் எதையும் வெளியே சொல்லாதீர்கள். 16, 17-ஆவது பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். பள்ளியில் சலுகை பெற்ற ஆணையின் நகல் இருந்தால் இணையுங்கள். தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கு எப்போது போகும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். கொடுக்கும்போது நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.