கிரீக் சாலட்டில் லெட்யூஸுக்கு என்ன வேலை?

ரெஸ்டாரண்டில் கிரீக் சாலட் கேட்டால் ஒரு கிண்ணம் நிறைய லெட்யூஸ் வருகிறது. அதற்குள் ஒளிந்துகொண்டு நாலு தக்காளித் துண்டு, மேலே உதிர்த்த சீஸ், வெள்ளையாக ஏதோ ஒரு சாஸ். இதற்குப் பில் போடும்போது அவர்களுக்கே சிரிப்பு வராதா என்று நினைத்துக்கொள்வேன்.

கிரீஸில் ஹொரியாதிகி என்கிற இந்த சாலட்டில் லெட்யூஸே கிடையாது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ், ஃபெட்டா சீஸ். மேலே உப்பு, காய்ந்த ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய். சாண்டோரினி தீவுப் பக்கம் கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டைச் சேர்ப்பார்கள். சில வீடுகளில் கிளிஸ்திரிதா என்று ஒரு கீரையைக் கிள்ளிப் போடுவார்கள். அது வேறொன்றுமில்லை, நம்ம பருப்புக்கீரைதான்! லெட்யூஸைத் தேடி அலைகிறவர்கள் தாராளமாக இதைப் போடலாம், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால் இது தக்காளிக்காகவே செய்கிற சாலட். அங்கே கோடையில், தக்காளி வெயிலில் பழுத்துக் கிடக்கும் காலத்தில் சாப்பிடுவது. தக்காளி சப்பென்று இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் வீண். ஃப்ரிட்ஜில் வைத்தது வேண்டவே வேண்டாம், குளிரில் மணம் போய்விடும். பெங்களூர் தக்காளி வெட்டுவதற்கு வாகாக இருக்கும். ஆனால் நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியின் புளிப்பும் சாறும் அதற்கு வராது. பொடியாக நறுக்கினால் அது பச்சடி. பெரிய பெரிய துண்டாக, கோணல்மாணலாக வெட்டி, முதலில் தக்காளிக்கு மட்டும் உப்புப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். சாறு இறங்கும். அந்தச் சாறும் ஆலிவ் எண்ணெயும் கலந்ததுதான் டிரெஸ்ஸிங். கடையில் பாட்டிலில் விற்கும் டிரெஸ்ஸிங் எதற்கு? வினிகர் விடுகிறவர்களும் உண்டு, நான் விடுவதில்லை. ஆரிகனோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பீட்சாவோடு வந்து டிராயரில் சேர்ந்து கிடக்கும் பொட்டலங்களில் பெரும்பாலும் உப்பும் மிளகாயும் கலந்திருக்கும்.

இப்போது ஃபெட்டா. செம்மறியாட்டுப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேர்க்கலாம். குறைந்தது இரண்டு மாதம் உப்புநீரில் ஊறிப் பதமாக வேண்டும். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயரைக் கிரீஸுக்கே உரியதாக்கியது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டு 2005-இல் தோற்றன. ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யும் சீஸுக்கு அந்தப் பெயரைப் போடத் தன் கம்பெனிகளை அனுமதித்ததற்காக 2022-இல் டென்மார்க் மறுபடியும் தோற்றது. ஒரு சீஸுக்கு இவ்வளவு வம்பா என்று தோன்றலாம். பசும்பாலில் செய்த வெள்ளைக் கட்டியையும் இதையும் அடுத்தடுத்து வாயில் போட்டுப் பார்த்தால் கிரீஸ்காரர்கள் பக்கம்தான் நிற்பீர்கள்.

அதனால்தான் "ஃபெட்டா இல்லையா, பனீர் போடுங்க" என்று யூடியூபில் சொல்லும்போது எரிச்சலாக வருகிறது. பனீரில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. கிடைக்காவிட்டால் சீஸே இல்லாமல் செய்து, ஆலிவை இரண்டு கூடப் போட்டுக்கொள்ளலாம். கிடைத்தால் உதிர்க்க வேண்டாம். பட்டையாக ஒரே துண்டாக மேலே வைத்து, அதன் மேல் ஆரிகனோவும் எண்ணெயும். அவரவர் உடைத்துக்கொள்ளட்டும்.

கடைசியில் தட்டின் அடியில் தேங்கும் சாற்றை அங்கே ரொட்டியால் துடைத்துத் தின்பார்கள். எங்கள் வீட்டில் சண்டையே அதற்குத்தான். சப்பாத்தி ஒத்துவராது, தொட்ட உடனே தொய்ந்துவிடும். மேலோடு முறுகலான பேக்கரி ரொட்டியாக வாங்கி வையுங்கள்.