செனட்டரை 25வது திருத்தம் தொடாது

"அமெரிக்காவில் செனட்டருக்கு மறதி வந்துவிட்டால் 25வது திருத்தத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நம்மூர் மாதிரி இல்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் அந்தத் திருத்தம், பதவியில் இருப்பவரால் வேலை செய்ய முடியாமல் போனால் என்ன செய்வது என்று சொல்வதுதான், ஆனால் அது அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கானது. செனட்டராக, வயதைப் பொறுத்தவரை 30 ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பே கிடையாது. ஒருவரை வெளியேற்ற செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், சக கிழவரை எதிர்த்து அதை யார் போடுவார்கள்? 2023 ஜூலையில் ஒரு கமிட்டி வாக்கெடுப்பில் கலிஃபோர்னியா செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனின் பெயரை அழைத்ததும் அவர் ஓட்டுப் போடாமல் உரை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த சக செனட்டர் பேட்டி மர்ரி, 'ஆம்' என்று மட்டும் சொன்னால் போதும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறமும் பதவி போகவில்லை, செப்டம்பரில் 90 வயதில் இறக்கும்வரை செனட்டர்தான். இன்னொரு செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 100 வயது முடிந்து, 2003 ஜனவரியில் பதவிக்காலம் தீர்ந்த பிறகே கிளம்பினார்.